பதினேழு மணி நேரம் ஒரே சீட்டில்: அமெரிக்கா கிளம்பும் அம்மா அப்பாக்களுக்கு

டிக்கெட் போடும் பிள்ளைகள் விலையைப் பார்க்கிறார்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று பார்க்கிறார்கள். அம்மாவின் முழங்காலையும் அப்பாவின் மூத்திரப் பையையும் யாரும் பார்ப்பதில்லை. அதனால் இதை ஏறி உட்காரப் போகிறவர்கள் மட்டுமில்லாமல் டிக்கெட் போடுகிறவர்களும் படிக்க வேண்டும்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரி. அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறாள். கிருஷ்ணகிரி, பர்கூர், ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தெரிந்தவர்கள் யாருக்காவது விசா கைக்கு வந்தால் அன்று சாயந்திரமே எனக்குப் போன் வந்துவிடும். "சிஸ்டர், நேரா போற ஃப்ளைட்ல போலாமா, நடுவுல எறங்கி ஏறலாமா?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பேன். உங்களுக்கு உட்கார்ந்திருப்பது பயமா, இறங்கி மாறுவது பயமா? இரண்டில் எது என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

நேர் விமானத்தில் என்ன சுகம்

பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நடுவில் எங்கும் இறங்காத விமானத்தை ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கியது. முதல் பயணம் அங்கிருந்து இங்கே வந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பைலட்டுகள் அத்தனை பேரும் பெண்கள், வந்த வழி வட துருவத்தின் மேலே. அன்று டிவியில் அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் காபி போட்டுப் பேசினோம். இரண்டு ஊருக்கும் இடையே நேர்க்கோடு போட்டாலே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். காற்றைப் பொறுத்து 16 மணி நேரம் ஆகும், 17-ஐத் தாண்டியும் போகும். இந்த மாதிரித் தடங்களைக் கொஞ்ச நாள் நிறுத்துவார்கள், மறுபடி விடுவார்கள். நீங்கள் டிக்கெட் போடுகிற மாதத்தில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

உலகத்தில் இதை விட நீளமானவையும் இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விடுகிற சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் 15,300 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி நேரத்தையும் தாண்டும். அதற்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் மொத்தம் 161 சீட்டுதான். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி ஒன்றுகூடக் கிடையாது. அவ்வளவு தூரம் பறக்க எரிபொருளை அள்ளி ஏற்ற வேண்டும், ஆளைக் குறைத்தால்தான் எடை தாங்கும். ஆனால் எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. 18 மணி நேரம் எகானமியில் மனிதரை உட்கார வைப்பது சரிப்படாது என்று அந்தக் கம்பெனிக்கே தோன்றியிருக்கிறது. நம் பக்கத்து நேர் விமானங்களில் எகானமிதான் நிறைய. அங்கேதான் நம் ஆட்கள் உட்காருகிறார்கள்.

நேர் விமானத்தின் சுகம் ஒரே வரியில் முடிந்துவிடும். ஏறினால் இறங்கும் இடம் பிள்ளை நிற்கிற ஊர். நடுராத்திரியில் தெரியாத ஊர் விமான நிலையத்தில் ரயில் பிடித்து, கேட் நம்பர் தேடி, பெல்ட்டையும் செருப்பையும் கழற்றி மறுபடி சோதனைக்கு நிற்கிற பாடு இல்லை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவற விடுகிற பயம் இல்லை. பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுகிற வாய்ப்பும் குறைவு. ஆங்கிலம், இந்தி இரண்டும் பழக்கமில்லாத, தனியாகப் போகிற ஒரு அம்மாவுக்கு இதை விடப் பெரிய தைரியம் கிடையாது.

எங்கே இடிக்கிறது

உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் தேங்கும். கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். அசையாமல் இருந்தால் உள் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம், அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்கிறவர்களுக்கு இந்த வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பயந்துவிடாதீர்கள். ஆரோக்கியமானவர்களில் 6,000 பேரில் ஒருவருக்கு என்கிற அளவுதான் அது. ஆனால் உடல் பருமன், முன்பே கட்டி வந்தவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், கருத்தடை அல்லது ஹார்மோன் மாத்திரை எடுக்கிறவர்களுக்குக் கணக்கு மாறும்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் சொல்வதில்லை. 1.6 மீட்டருக்குக் குறைந்த உயரம் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது 5 அடி 3 அங்குலத்துக்குக் கீழே. நம் ஊர் அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் அந்த உயரம்தான். சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்துகிறது, பாதம் தரையில் முழுசாகப் படிவதில்லை. இதற்கு மருந்து ரொம்ப எளிது. கைப்பையைக் காலடியில் போட்டு அதன் மேல் பாதத்தை வையுங்கள். தொடைக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருந்தால் சரி.

அடுத்தது காற்று. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே அழுத்தம் கொடுத்து வைத்திருப்பார்கள். பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி உயரத்துக்குச் சமம் வரைக்கும் போகும், ஊட்டியை விட மேலே. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதியவற்றில் சுமார் 6,000 அடி, குன்னூர் உயரம். நல்ல உடம்புக்கு இரண்டும் பெரிய விஷயமில்லை. மூச்சிரைப்பு, சமீபத்திய மாரடைப்பு, கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கு 17 மணி நேரம் அந்த உயரத்தில் இருப்பது விளையாட்டில்லை. எந்த வகை விமானம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், பாருங்கள்.

பறக்கும்போது உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. உதடு வெடிக்கும், மூக்கு எரியும், கண் உறுத்தும். சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போங்கள், உதட்டுக்கும் மூக்கின் ஓரத்துக்கும் தடவ அதுவே போதும்.

உடம்பை விட்டால் விலை. நேர் விமானம் பெரும்பாலும் கூடுதல் விலைதான். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரியும் என்பது அதற்கு ஒரு காரணம். கூடுதலாக ஏற்றும் எரிபொருளில் ஒவ்வொரு மணி நேரமும் 3 முதல் 4 சதவீதம், அந்த எடையைத் தூக்கவே செலவாகிறது என்பது விமானத் துறையின் தோராயக் கணக்கு. நான்கு பைலட்டுகள் வேண்டும், அவர்கள் முறை வைத்துத் தூங்கப் படுக்கை வேண்டும்.

ஏதாவது தப்பினால் அது பெரிதாகவே தப்பும் என்பதும் உண்டு. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகடான் என்ற ஊரில் இறங்கியது. வேறு விமானம் அனுப்பி அழைத்துப் போகும் வரை பயணிகள் அங்கேதான் தங்கினார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் சில எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கிப் போயின. நேர் விமானம் என்று காசு கொடுத்தவர்களுக்கும் அப்போது நடுவில் ஒரு ஊர் கிடைத்தது. அதனால் மாத்திரையை 17 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டு எடுக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கானது கையிலேயே இருக்க வேண்டும்.

ஸ்டாப் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

இதை விளக்கத்தான் நான் போனில் நிறைய நேரம் செலவழிக்கிறேன்.

"நடுவுல எறங்கினா கால் நீட்டிக்கலாம்ல சிஸ்டர்" என்று துபாய் வழி டிக்கெட்டைக் காட்டினார் எதிர்வீட்டு வாத்தியார். மாந்தோப்பு வைத்திருக்கிறார், கணக்கில் புலி. நான் சொன்னேன், "வாத்தியாரே, பெங்களூர்ல இருந்து துபாய் 4 மணி நேரம். துபாய்ல இருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 16 மணி நேரம். நீங்க நீட்டிக்கப் போறது நாலு மணி நேரத்துக் காலை." அவர் பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

தோஹா வழியும் கிட்டத்தட்ட இதே கதை. மாறுகிற அலைச்சலும் உண்டு, உட்காருகிற கஷ்டமும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் உட்காரப் பயந்து வளைகுடா வழி போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. விலை குறைவென்றால் மட்டும் போங்கள்.

ஐரோப்பா வழி வேறு. பெங்களூரு–லண்டன் 10 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், லண்டன்–சான் பிரான்சிஸ்கோ 11. பிராங்க்பர்ட் வழியும் அதே மாதிரி. டோக்கியோ வழியில் 8-ம் 9-ம் சொச்சமுமாகப் பிரியும். பயணம் நடுவில் சரியாக உடைகிறது, இறங்கி மூன்று நான்கு மணி நேரம் நடக்கலாம், படுக்கலாம், கழிப்பறையில் நிதானமாகப் பல் விளக்கலாம். உட்காருவது பயம் என்கிறவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. இரண்டு விமானத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், பெரியவர்கள் என்றால் மூன்று. இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் முதலாவது தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் மேல் எந்தக் கடமையும் இல்லை. நடுவில் இறங்கும் நாட்டின் டிரான்சிட் விசா விதியை டிக்கெட் போடும் அன்றே விமானக் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

பிள்ளை சான் பிரான்சிஸ்கோ பக்கம் இல்லாமல் டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ இருந்தால் என் பதிலே மாறிவிடும். அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அங்கேதான் இமிகிரேஷன். அங்கேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைத்து அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். 17 மணி நேரம் உட்கார்ந்து வந்த பிறகு அது செம இம்சை. அவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே மாறிக்கொண்டு நேராகப் பிள்ளை ஊரில் இறங்குவது மேல். துபாய், தோஹாவிலிருந்து டல்லாஸுக்கு நேர் விமானம் இருக்கிறது. அபுதாபி வழி போனால் அமெரிக்க இமிகிரேஷனையே அபுதாபியில் முடித்துவிடுவார்கள், அங்கே போய் உள்ளூர்ப் பயணி மாதிரி இறங்கி நடந்து வரலாம்.

டிக்கெட் போட்டதும் செய்ய வேண்டியவை

சீட் முதலில். ஜன்னல் வேண்டாம், கேட்டு வாங்கினாலும் வேண்டாம். வெளியே பாதி நேரம் இருட்டும் மேகமும்தான். எழுந்து போக இரண்டு பேரை எழுப்ப வேண்டும், நம் ஆட்கள் கூச்சப்பட்டு எழுப்பாமல் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் ஆரம்பம். கணவன் மனைவி என்றால் நடைபாதையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம், இருவருமே நினைத்தபோது எழலாம். கடைசி வரிசை வேண்டாம். கழிப்பறைக்கு நிற்கிற கூட்டம் உங்கள் தோளில் சாய்ந்தபடி நிற்கும். முன் சுவர் ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும், ஆனால் கைக்குழந்தைகளுக்கான தொட்டிலை அங்கேதான் மாட்டுவார்கள்.

சாப்பாட்டை 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். இந்திய சைவ உணவு, சர்க்கரை நோயாளி உணவு என்று தனித்தனி உண்டு. சொல்லி வைத்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் முதலில் தட்டு வரும்.

வீல்சேர் கேட்பதில் வெட்கம் வேண்டாம், தேவையில்லாமலும் கேட்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நடக்க முடியாது என்றால் கேளுங்கள். நடக்க முடிந்தவர்கள் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவதால் நிஜமாகவே முடியாதவர்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள். நேரடியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கும்போது டிக்கெட்டையும் கையில் கொண்டு போங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். கலிபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் 12½ மணி நேரம், குளிர்காலத்தில் 13½ மணி நேர வித்தியாசம். ராத்திரி ஊசி எந்த ராத்திரி என்பதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். விமானத்தில் இருக்கும் வரை கைக்கடிகாரத்தை நம் ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள், குழப்பம் பாதி குறையும். இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான். பெட்டியில் போட்டு அடியில் அனுப்பினால் உறைந்து கெட்டுப்போகலாம். நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறவர்கள் அன்றைக்கு எப்போது போடலாம் என்று கேளுங்கள். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப் பெயரோடு இருக்கட்டும். தூக்க மாத்திரை வேண்டாம், அதில் அசையாமல் கிடப்பதுதான் வினை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும், உங்கள் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

அழுத்தக் காலுறை

முழங்காலுக்குக் கீழே வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற காலுறை. கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் என்று மருந்துக் கடையிலோ சர்ஜிக்கல் கடையிலோ கேளுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் வெளியே தெரியாமல் வரும் ரத்தக்கட்டியை இது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அளவு தப்பினால் பலன் தலைகீழ். கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து "மீடியம்" என்று கொடுப்பதை வாங்காதீர்கள். காலையில், கால் வீங்குவதற்கு முன்னால், கணுக்காலின் மெலிந்த இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் டேப் வைத்து அளந்து, அட்டையில் இருக்கிற அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கையை உள்ளே விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அது வரைக்கும் உள்பக்கத்தை வெளியே புரட்டுங்கள். விரல்களை நுழைத்து முதலில் பாதத்துக்கு மட்டும் ஏற்றுங்கள். குதிகால் சரியாகக் குதிகாலில் உட்கார்ந்த பிறகு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. எங்கும் சுருக்கம் நிற்கக் கூடாது, மேல் ஓரத்தை மடிக்கவும் கூடாது. மடித்தால் அந்த இடத்தில் கயிறு கட்டின மாதிரி ஆகிவிடும். ஏறும் நாளன்று காலையில் வீட்டிலேயே போட்டுவிடுங்கள், ஏர்போர்ட்டில் போட முடியாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு வீட்டு வேலை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

சர்க்கரையால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், பாதத்தில் புண் உள்ளவர்கள், கால் மரத்துப் போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் போடவே கூடாது.

வீட்டிலிருந்து தேவனஹள்ளி

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில். சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகளின் நெரிசல் உங்கள் விமானத்துக்காக விலகி நிற்காது. பகலில் போகிறவர்கள் பலர் ஓசூரில் பிரிந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டை வழியாக ஊருக்குள் நுழையாமலே தேவனஹள்ளி சேர்ந்துவிடுகிறார்கள். ராத்திரியில் அந்த வழியில் பழகின டிரைவர் இருந்தால் மட்டும். ஓசூரிலேயே பன்னாட்டு விமான நிலையம் கட்டுவோம் என்று 2024-ல் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார்கள், அதில் பேரப்பிள்ளைகள் ஏறட்டும். வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் முனையத்தில், டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.

17 மணி நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். வீட்டிலிருந்து நான்கு மணி நேரம், அங்கே மூன்று நான்கு மணி நேரம், இறங்கியதும் வரிசை. காரில் உட்கார்ந்ததும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் சூளகிரி பக்கம் ஒரு டீக்கு நிறுத்தி நடங்கள். விமான நிலையத்திலும் உட்காராமல் நடங்கள்.

உள்ளே

புடவை வேண்டாம். விமானக் கழிப்பறைக்குள் திரும்பவே இடம் இருக்காது, தரை எப்போதும் ஈரம். லூசான சுடிதார், அடியில் காலுறை, சுலபமாகக் கழற்றிப் போடுகிற ஷூ. கழிப்பறைக் கதவு நடுவில் மடியும், மடிகிற இடத்தில் தள்ளினால் திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால்தான் முழு விளக்கு எரியும். அதற்கு முன் இருட்டாக இருக்கிறதே என்று வெளியே ஓடி வந்தவர்கள் உண்டு. ஃபிளஷ் போட்டால் பெரிய சத்தம் வரும், அது காற்று இழுக்கிற சத்தம், ஒன்றும் ஆகாது. குழாயோ மக்கோ இருக்கும் என்று நம்பாதீர்கள், ஒரு காலி தண்ணீர் பாட்டிலைக் கூட எடுத்துப் போங்கள்.

விழித்திருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பின்பக்கம் போங்கள். பணிப்பெண்கள் சாப்பாடு வைத்திருக்கிற இடத்தின் அருகே கொஞ்சம் நிற்க இடம் இருக்கும். எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை. உட்கார்ந்திருக்கும்போது விரல்களை முகத்தை நோக்கி இழுத்து, பிறகு கீழே அழுத்துங்கள். கெண்டைக்கால் இறுகி விடுவது உங்களுக்கே தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நீங்கள் சும்மா ஆட்டுகிறீர்கள். சீட் பெல்ட் விளக்கு எரியும்போது எழ வேண்டாம்.

சாப்பாட்டில் மொச்சை, அவரை, பருப்பு உருண்டை எல்லாம் கிளம்புவதற்கு முந்தின நாளே நிறுத்துங்கள். 8,000 அடி அழுத்தத்தில் வயிற்றுக் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். மொச்சைக் குழம்பு சாப்பிட்டு ஏறினால் உங்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கஷ்டம். பொடி தடவின இட்லி, சப்பாத்தி நல்லது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். இலவசம் என்று ஒயின் கேட்கிற அப்பாக்களுக்கு, ஊருக்குப் போய்க் குடிக்கலாம்.

தூக்கத்துக்கு ஒரு வழி. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம் சோதனைக்காகப் பறந்தது. ஏறியதிலிருந்தே விளக்கையும் சாப்பாட்டையும் சிட்னி நேரத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். சிட்னி–லண்டன் விமானத்தை 2027-ல் விடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் பயணிகள் நின்று கை கால் நீட்டத் தனி இடமே வைக்கிறார்கள். நமக்கு அது கிடைக்காது. ஆனால் இறங்கும் ஊரில் ராத்திரி ஆகும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு படுப்பதும், அங்கே பகல் ஆகும்போது விழித்திருப்பதும் நம் கையில்தான். மருந்துக்கு நம் ஊர் நேரம், தூக்கத்துக்கு அந்த ஊர் நேரம்.

பவர் பேங்க்கைப் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் வைக்க வேண்டும். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே பல கம்பெனிகள் இப்போது அனுமதிப்பதில்லை.

இறங்கும்போது

கையில் மிஞ்சின இட்லியை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். மாம்பழம் கொண்டு போகாதீர்கள், நம் மாவட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இந்திய மாம்பழம் 2007-லிருந்து அமெரிக்காவுக்குப் போகிறது, ஆனால் கதிர்வீச்சு கொடுத்து வியாபாரமாகப் போவது மட்டும்தான். பச்சைக் கறிவேப்பிலை கூடாது, அரிசி கூடாது, கறி கலந்தது எதுவும் கூடாது. ஊறுகாய், நிப்பட்டு (தட்டை), டின்னில் அடைத்த மாங்கூழ் போகும். சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டால் "யெஸ்" சொல்லுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், மறைத்தால்தான் அபராதம்.

உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் ஊர் மாறும். 12 மணி நேர வித்தியாசத்துக்குப் பத்து நாள் தாராளமாக ஆகும். காலை வெயிலில் நடங்கள், பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் படுக்காதீர்கள். மருமகன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கச் சொல்லுவார், கேட்காதீர்கள்.

இரண்டு காலும் லேசாக வீங்கினால் பயம் வேண்டாம், ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், "பிள்ளைக்குச் செலவு வைக்க வேண்டாம்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இறங்கிய அன்றே வர வேண்டும் என்றில்லை, சில வாரங்கள் கழித்தும் வரலாம். நேராக எமர்ஜென்சிக்குப் போய், விமானத்தில் இத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்தேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதற்காகத்தான் கிளம்பும் முன்பே மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்து, பழைய நோய்களுக்குச் செல்லுமா என்று படித்துப் பார்த்து, அந்த நம்பரைப் போனிலும் ஒரு துண்டுச் சீட்டிலும் வைத்திருக்கச் சொல்கிறேன்.

திரும்பி வரும்போதும் இதெல்லாம் அப்படியே பொருந்தும், ஒன்று மட்டும் கூடுதல். அழைத்துப் போக வருகிற மகனோ தம்பியோ தூங்கி எழுந்தவராக இருக்கட்டும். ஏர்போர்ட்டில் காரை நிறுத்திவிட்டு வந்தோம், நாங்களே ஓட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி போய்விடுவோம் என்கிறவர்களை நான் விடுவதில்லை. டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள்.